களிமண்ணில் பொறித்த வீரம்

தொடக்கநூலின் பத்தாம் அதிகாரத்தை நம்மில் பலர் விரைந்து கடந்துவிடுகிறோம். நோவாவின் வழிமரபினரது பெயர்ப் பட்டியல்தானே என்று எண்ணுகிறோம். அங்கே நிம்ரோது என்னும் வேட்டை வீரனது அரசின் தொடக்கமாகப் பாபேல், எரேக்கு, அக்காது என்னும் நகர்கள் குறிக்கப்படுகின்றன. எரேக்கு என்பது தென் ஈராக்கில் இன்று மண்மேடாய்க் கிடக்கும் ஊருக் நகரமே. அடுத்த அதிகாரத்தில் தெராகு தம் மகன் ஆபிராமை அழைத்துக்கொண்டு புறப்பட்ட ‘ஊர்’ நகரமும், அறிஞர் பலர் கருதுவதன்படி, ஊருக்கிற்குத் தென்கிழக்கே உள்ள மண்மேடே. இவ்விரு நகரங்களையும் எழுப்பியவர்கள் சுமேரியர்.

யூப்ரட்டீசு, டைகிரிசு ஆறுகள் கொணர்ந்த வண்டலே அவர்கள் நாடு. அங்கே கல் அரிது, நல்ல மரம் அரிது, உலோகம் இல்லை. இருந்தவை மண்ணும் நீரும் நாணலும்தாம். அவர்கள் கால்வாய் வெட்டி வாற்கோதுமை விளைத்தனர். மண்ணைச் செங்கல்லாக்கி மாளிகையும் மதிலும் கண்டனர். அதே மண்ணை ஏடாக்கி, ஏறத்தாழ கி.மு. 3200 அளவில், எழுத்தையும் கண்டனர். அவ்வெழுத்து பாட்டுக்காகப் பிறக்கவில்லை. தானியத்திற்கும் ஆட்டுக்கும் கணக்கு வைக்கவே பிறந்தது. அவர்தம் மொழி நாமறிந்த எம்மொழிக் குடும்பத்தையும் சார்ந்ததன்று. ‘ஊர்’ என்னும் பெயர் தமிழ்ச் செவிக்கு இனிக்கலாம். ஆனால் ஒலியொப்புமை ஒன்றைக்கொண்டு உறவு நாட்டுவது ஆய்வு நெறியாகாது.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் உலகம் இம்மக்களை மறந்தே இருந்தது. 1889 முதல் 1900 வரை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் நிப்பூர் நகரை அகழ்ந்தபோது ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகள் வெளிப்பட்டன. அவை உடைந்த துண்டுகளாய் இசுதான்புல்லுக்கும் பிலடெல்பியாவுக்கும் பிரிந்து சென்றன. ஒரு பாடலின் தலை ஒரு நகரிலும் கால் மற்றொரு நகரிலுமாகக் கிடந்தன. சாமுவேல் நோவா கிரேமர் (1897–1990) போன்றோர் வாழ்நாளெல்லாம் உழைத்து அவற்றை இணைத்தனர். வியப்பு என்னவெனில், அவ்வேடுகளில் பெரும்பாலானவை பள்ளி மாணவர் படியெடுத்த பாடங்கள். அவர்கள் வாழ்ந்த கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டில் சுமேரியம் பேச்சு வழக்கொழிந்திருந்தது. நம் திருச்சபையில் இலத்தீன் நெடுங்காலம் வாழ்ந்தது போல, அது பள்ளியிலும் கோவிலிலும் மட்டும் வாழ்ந்தது. அச்சிறுவர் கையெழுத்தாலேயே ஒரு பேரிலக்கியம் நம்மை வந்தடைந்தது.

அவ்விலக்கியத்துள் ஊருக் நகரின் மூன்று மன்னரைப் பாடும் வீரப்பாடல்கள் தனிச் சிறப்புடையவை. என்மெர்கார், லுகல்பண்டா, கில்காமேசு என்பார் அம்மூவர். வீரப்பாடல் என்றதும் வாளும் குருதியுமே நம் நினைவுக்கு வரும். இப்பாடல்களோ ‘வீரன் என்பவன் யார்?’ என்னும் வினாவை வெவ்வேறு கோணங்களில் எழுப்புகின்றன.

என்மெர்கார் பாடலில் ஏழு மலைகளுக்கு அப்பால் அரத்தா என்னும் வளநாடு உள்ளது. அங்கே பொன்னும் வெள்ளியும் நீலமணிக்கல்லும் மிகுதி, உணவோ பற்றாக்குறை. ஊருக்கில் தானியம் உண்டு. கல்லும் மணியும் இல்லை. இரு மன்னரும் தூதன் வழியாக அறைகூவலும் புதிரும் விடுத்துப் போட்டியிடுகின்றனர். சாக்கில் அன்றி வலையில் தானியம் கொண்டு வா என்கிறான் அரத்தாவின் தலைவன். என்மெர்கார் அறிவால் அதையும் நிறைவேற்றுகிறான். ஒரு கட்டத்தில் செய்தி நீண்டு, தூதன் வாய் அதைத் தாங்கவில்லை. அப்போது மன்னன் களிமண்ணைத் தட்டி அதில் சொற்களைப் பதிக்கிறான். எழுத்தின் பிறப்புக்குச் சுமேரியர் சொன்ன கதை இது. கதை இறுதியில் பண்டமாற்றில் நிறைவுறுகிறது. மாந்தர் மொழி ஒன்றாயிருத்தலைப் பற்றிய ஒரு பகுதியும் இதில் வருவதால், விவிலிய அறிஞர் இதைப் பாபேல் கோபுர நிகழ்ச்சியோடு ஒப்பிட்டு ஆராய்கின்றனர்.

லுகல்பண்டா உடன்பிறந்தோருள் இளையவன். அரத்தாவுக்குச் செல்லும் படையில் அவன் நோயுற்று வீழ்கிறான். அண்ணன்மார் அவனை ஒரு குகையில் கிடத்தி, உணவை அருகில் வைத்து, கண்ணீரோடு பிரிகின்றனர். மலையின் தனிமையில் அவன் கதிரவனையும் மதியையும் விண்மீனையும் தெய்வங்களாக எண்ணி வேண்டுகிறான், நலம் பெறுகிறான். பின்பு அன்சு என்னும் பெரும்பறவையின் குஞ்சுக்கு அன்போடு உணவூட்டுகிறான். மகிழ்ந்த அப்பெரும்பறவை செல்வமும் வெற்றியும் தருவதாகச் சொல்ல, அவன் அவற்றை மறுத்துவிட்டுக் களைப்பறியாது ஓடும் ஆற்றலை மட்டும் கேட்கிறான். போர் முற்றுகை நீடித்துப் படை சோர்ந்தபோது, அவ்வாற்றலைக் கொண்டே தன்னந்தனியாய் ஊருக்கிற்குச் செய்தி சுமந்து ஓடுகிறான். கைவிடப்பட்டவனே அனைவருக்கும் உதவுகிறான்.

கில்காமேசு பற்றிய சுமேரியப் பாடல்கள் ஐந்து கிடைத்துள்ளன. அவற்றுள் இரண்டில் பகைவன் அவன் கையில் சிக்குகிறான். கீசு நகர மன்னன் ஆகா ஊருக்கை முற்றுகையிட்டுத் தோற்கிறான். முன்னொரு காலத்தில் தனக்கு அடைக்கலம் அளித்தவன் அவன் என்பதை நினைந்து, கில்காமேசு அவனை விடுவித்து அனுப்புகிறான். இந்த ஆகாவின் தந்தை என்மெபரகேசியின் பெயர் பொறித்த கற்கலத் துண்டுகள் கிடைத்திருப்பதால், பாடலின் பின்னே வரலாற்றின் நிழல் உண்டெனக் கொள்ளலாம்.

மற்றொரு பாடல் துயரமானது. நகர மதில் மேல் நின்ற கில்காமேசு ஆற்றில் பிணங்கள் மிதந்து செல்வதைக் காண்கிறான். தனக்கும் முடிவு அதுவே என்றுணர்ந்து, இறக்குமுன் தன் பெயரை நிலைநாட்டத் தேவதாரு மலைக்குப் புறப்படுகிறான். அங்கே காவலன் உவாவா சூழ்ச்சியால் பிடிபட்டு உயிர்ப்பிச்சை கேட்கிறான். கில்காமேசு இரங்குகிறான். பணியாளன் என்கிடுவோ அவன் கழுத்தை வெட்டிவிடுகிறான். தலையைக் கண்ட தெய்வம் என்லில் புகழவில்லை, சினக்கிறான். உவாவா உங்களோடு அமர்ந்து உண்டிருக்க வேண்டியவன் என்று கடிந்துகொள்கிறான். புகழ் தேடிப் போனவன் பழியோடு திரும்புகிறான். மன்னித்த கையே வீரத்தின் கை என்பதைக் கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு புலவன் உணர்ந்திருந்தான்!

இப்பாடல்களிலிருந்தே பிற்காலத்தில் அக்காதிய மொழியில் பன்னிரண்டு ஏடுகள் கொண்ட கில்காமேசு காப்பியம் வளர்ந்தது. அதில் என்கிடு உயிர்த்தோழன். அவன் இறந்தபின் கில்காமேசு சாவை வெல்ல வழிதேடி அலைகிறான். இளமை தரும் செடி கிடைத்தும் பாம்பு அதைக் கவர்ந்து செல்கிறது. வெறுங்கையோடு திரும்பியவனுக்கு எஞ்சியது ஊருக்கின் மதில் ஒன்றே.

இக்காப்பியத்தின் பதினொன்றாம் ஏட்டில் வெள்ளப்பெருக்கின் கதை வருவதை 1872இல் இலண்டனில் சார்ச்சு சுமித்து அறிவித்தபோது, நம்பிக்கையாளர் பலர் கலங்கினர். நோவாவின் வரலாறு வேற்று நாட்டுக் கதையின் படியோ என்ற ஐயம் இன்றும் சிலருக்கு எழுகிறது. அஞ்ச வேண்டியதில்லை. விவிலிய ஆசிரியர் தம் காலத்து இலக்கிய வகைகளைக் கையாண்டனர் என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1943இலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலும் தெளிவுபடுத்தியுள்ளன. கதையின் கரு ஒத்திருக்கலாம். சொல்லும் உண்மை வேறு. அக்காதிய மரபின் அத்ரகாசிசு கதையில் மாந்தரின் இரைச்சல் உறக்கத்தைக் கெடுத்ததால் தெய்வம் வெள்ளத்தை அனுப்புகிறது. தொடக்கநூலிலோ வன்முறை மலிந்த உலகைக் கண்டு கடவுள் உள்ளம் வருந்துகிறார். இறுதியில் வில்லை மேகத்தில் வைத்து உடன்படிக்கை செய்கிறார். ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கே இவ்வேறுபாட்டின் ஆழம் விளங்கும்.

2003இல் பாக்தாது அருங்காட்சியகம் சூறையாடப்பட்டு ஆயிரக்கணக்கான பொருள்கள் களவுபோயின. 2021 மார்ச்சு 6 அன்று, இன்று நம்மிடையே இல்லாத திருத்தந்தை பிரான்சிசு, ஊர் நகரின் சமவெளியில் பல சமயத்தாரோடு அமைதிக்காக மன்றாடினார். ஆகாவை விடுவித்த கதையும் உவாவாவுக்கு இரங்கிய கதையும் முதலில் பாடப்பட்டது அந்த நாட்டில்தான். மன்னர் எழுப்பிய மதில் மண்ணாயிற்று. பள்ளிச் சிறுவன் பதமான களிமண்ணில் பொறித்த இரக்கத்தின் கதை அழியவில்லை. நம் பிள்ளைகளின் நெஞ்சில் நாம் எதைப் பொறிக்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்போம்.