மாத்லா நதிக்கரைத் துறைமுகம்

கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலோடு கலக்குமிடத்தில் பரந்து கிடக்கும் சதுப்புக் காட்டிற்குச் சுந்தரவனம் என்று பெயர். சுந்தரி என்னும் மரம் மிகுந்திருப்பதால் இப்பெயர் வந்ததென்பர். ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இக்காட்டில், நிலம் எது, நீர் எது என்று அறுதியிட்டுக் கூறுவது அரிது. நாள்தோறும் இருமுறை கடல்நீர் ஆறுகளின் வழியே ஏறுகிறது, இருமுறை வடிகிறது. ஆறு கொணரும் வண்டல் தீவுகளை ஆக்குகிறது. அலை அவற்றை அரிக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே மண்ணைப் பற்றி நின்று, புயலலையின் வேகத்தைத் தணிப்பவை அம்மரங்களே.

இத்தகைய நிலத்தில் ஒரு பெருந்துறைமுகம் எழுப்ப ஆங்கிலேயர் முயன்றனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ஹூக்ளி நதி தூர்ந்து, கல்கத்தாத் துறைமுகம் பயனற்றுப் போகுமோ என்ற அச்சம் வணிகரிடையே எழுந்தது. எனவே கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே, ஆழம் மிக்க மாத்லா நதிக்கரையை அவர்கள் நாடினர்.

அப்போது ஒருவர் மட்டும் தடுத்துரைத்தார். அவர் ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவராயிருந்து, வங்கக் கடற்புயல்களை ஆராய்ந்தவர். சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 'சைக்ளோன்' என்ற பெயரைச் சுழற்புயலுக்கு 1848இல் வழங்கியவரும் அவரே. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு 1853இல் அவர் எழுதிய கடிதத்தில், புயல் எழுப்பும் பேரலை ஒருநாள் அத்துறைமுகத்தை மூழ்கடிக்கும் என்று எச்சரித்தார். அதனைச் செவிமடுப்பார் இல்லை. 1858இல் அவர் மறைந்தார்.

இருப்புப்பாதை வந்தது, கானிங் பிரபுவின் பெயரால் துறைமுகமும் எழுந்தது. 1867 நவம்பரில் வீசிய புயல், ஏறக்குறைய ஆறடி உயர அலையை நகரினுள் செலுத்தியது. துறைமேடைகள் சிதைந்தன. 1872இல் துறைமுகம் கைவிடப்பட்டது.

பிடிங்டன் எழுப்பிய வினா அத்துடன் முடிந்துவிடவில்லை. இந்தியப் பகுதியிலுள்ள 102 தீவுகளுள் 54இல், காட்டைத் திருத்தி மக்கள் குடியேறினர். ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீள மண்கரைகள் அவர்களைக் காக்கின்றன. ஆயினும், கரை கட்டிய இடத்தில் ஆற்று வண்டல் புகுவதில்லை. ஆதலின் வயல்கள் உயராமல், ஏற்றநீரின் மட்டத்திற்குக் கீழே கிடக்கின்றன. 2009 மே மாதம் அய்லா புயல் அக்கரைகளை உடைத்தபோது, உவர்நீர் புகுந்து விளைநிலங்கள் பாழாயின. பலர் பிழைப்பைத் தேடி வெளியூர் சென்றனர்.

கானிங் இன்றும் சுந்தரவனத்தின் வாயிலாக விளங்குகிறது. தீவுகளுக்குச் செல்வோர் அவ்வூர் வழியாகவே பெரும்பாலும் செல்கின்றனர். துறைமுகத்தைக் கைவிட்டு வணிகர் அகன்றுவிட்டனர். தீவுகளில் வாழும் உழவருக்கோ அகன்று செல்ல வேறு நிலம் இல்லை. ஆதலின் கரையை உயர்த்துவதோடு, கரைக்கு முன்னே நிற்கும் காட்டையும் காப்பது அவர்தம் உயிரைக் காப்பதேயாகும்.