ஒட்டுக்கேட்டுக் கத்துக்கிட்ட மொழி: சாம்பாவின் கதை

வீட்டு ரவுட்டர்ல ஒரு ஹார்டு டிஸ்க்கைச் செருகிட்டு, லேப்டாப்ல படம் பார்க்கிறீங்க. லேப்டாப்ல ஓடுறது விண்டோஸ். ரவுட்டருக்குள்ள ஓடுறது பெரும்பாலும் லினக்ஸ். ரெண்டும் எப்படிப் பேசிக்குது? இன்னைக்கு அந்தக் கதைதான்.

1980-களின் தொடக்கத்துல, ஐபிஎம்-ல வேலை பார்த்த பேரி ஃபைகன்பாம், ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபைலை இன்னொரு கம்ப்யூட்டர் கேட்டு வாங்க ஒரு புரோட்டோகால் எழுதினார். முதல்ல வெச்ச பேர் பிஏஎஃப். அவரோட இனிஷியலேதான்! அப்புறம் அது எஸ்எம்பி ஆச்சு. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்து, விண்டோஸுக்குள்ள வெச்சது.

இப்போ ஆஸ்திரேலியாவின் கான்பெரா. 1991 டிசம்பர். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அங்கே பிஎச்டி மாணவர். யூனிக்ஸ் மெஷின்ல இருக்கிற டிஸ்க் தன்னோட பிசியில தெரியணும், அவ்வளவுதான் அவருக்கு வேணும். பிசியில இருந்தது டெக் கம்பெனியோட சாஃப்ட்வேர். அது என்ன மொழி பேசுதுன்னு விளக்குற டாக்குமென்ட் அவர் கையில இல்ல. அதனால ஒயர்ல போற பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்டார். இந்தக் கேள்விக்கு இந்தப் பதில், அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்னு குறிச்சு வெச்சு, அதே மாதிரி பதில் சொல்ற ஒரு சர்வரை எழுதிட்டார். 1992 ஜனவரியில முதல் வெர்ஷனை இலவசமா வெளியிட்டார். பின்னாடி இந்த முறையை விளக்க அவரே ஒரு உதாரணம் சொன்னார்: பிரெஞ்சு தெரியாத ஒருத்தர் பிரெஞ்சு கஃபேயில உட்கார்ந்து, மத்தவங்க ஆர்டர் பண்றதைக் கேட்டே மொழி கத்துக்கிற மாதிரி.

இதுல வேடிக்கை, தான் எழுதினது எஸ்எம்பி-ன்னு அவருக்கே அப்போ தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு, வீட்ல மனைவியோட விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தன் லினக்ஸோட இணைக்க, அந்தப் பழைய கோடை ஓட்டிப் பார்த்தார். ஓடிருச்சு! அதுக்கப்புறம்தான் சீரியஸா உட்கார்ந்தார். ஒரு வீட்டு நெட்வொர்க்தான் இந்தப் புராஜெக்டுக்கு ரெண்டாவது உயிர் கொடுத்ததுன்னு நான் சொல்வேன்.

முதல்ல வெச்ச பேர் வேறொரு கம்பெனியோட டிரேட்மார்க்ல மோதிச்சு. அதனால கம்ப்யூட்டர்ல இருந்த அகராதியில எஸ், எம், பி மூணும் இதே வரிசையில வர்ற வார்த்தைகளைத் தேடினார். வந்த சொற்ப வார்த்தைகள்ல ஒன்னு, சாம்பா. நல்லவேளை, 'ஸ்க்ராம்பிள்'-ஐ எடுக்கல.

ஆனா ஒட்டுக்கேட்டுக் கத்துக்கிறதுல ஒரு பிரச்சினை உண்டு. எதிர்ல இருக்கிறவர் மொழியை மாத்திக்கிட்டே இருந்தா? மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு விண்டோஸ்லயும் புதுசா ஏதாவது சேர்த்தது, முழு விவரத்தையும் வெளியே தரல. சாம்பா ஆட்கள் பின்னாடியே ஓடினாங்க. இது ஐரோப்பாவுல வழக்கா வெடிச்சது. 2004-ல ஐரோப்பிய கமிஷன், போட்டி சர்வர்களுக்குத் தேவையான விவரங்களைக் கொடுக்கணும்னு உத்தரவு போட்டு, 49.7 கோடி யூரோ அபராதமும் விதிச்சது. அபராதத்துல விண்டோஸ் மீடியா பிளேயர் விவகாரமும் சேர்ந்திருந்துச்சு. 2007 செப்டம்பர்ல கோர்ட் அதை உறுதி பண்ணிச்சு. அதே டிசம்பர்ல, 10,000 யூரோ கட்டி சாம்பா தரப்பு அந்த டாக்குமென்ட்களை வாங்கிச்சு. பதினாறு வருஷமா காதை மட்டும் நம்பிக் கத்துக்கிட்டவங்களுக்குக் கடைசியில இலக்கணப் புத்தகம் கிடைச்சது. 2011-ல மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர்களே சாம்பாவுக்குக் கோடு எழுதி அனுப்பினாங்க!

கிளம்புறதுக்கு முன்னாடி ஒன்னு. உங்க ரவுட்டர் செட்டிங்ஸ்ல எஸ்எம்பி 1 ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க. 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் பரவினது விண்டோஸ்ல அந்தப் பழைய வெர்ஷன்ல இருந்த ஓட்டை வழியாத்தான்.