குறுகிய வழியும் உடைமையும்: கைக்கணினி வழிகாட்டலின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வீதிகள் பொதுச் செலவில் அமைக்கப்படுபவை. பொதுமக்களின் நடமாட்டத்தால் உயிர்பெறுபவை. ஆயின் வீதிகள் பற்றிய அறிவு யாருடைய உடைமை என்னும் வினாவுக்கு எக்காலத்தும் ஒரே விடை இருந்ததில்லை. உள்ளங்கையில் அடங்கும் கணினியொன்றிற் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் குறித்து, இடைப்பட்ட வழியை அதனிடமே கேட்டறியும் வழக்கம் மேற்கு ஐரோப்பாவில் 1990களிற் பரவத் தொடங்கியது. இதனைப் பொறியியல் விந்தையாக வியந்து எழுதியோர் பலர். கருவியின் பின்னே திரண்டு கிடக்கும் உழைப்பையும், அவ்வுழைப்பின் பயனுக்கு உரிமை கொண்டாடியோரையும் ஒருங்கு வைத்து நோக்கியோர் சிலரே. அவ்வாறு நோக்குவதற்கு ஒல்லாந்தும் பிரித்தானியாவும் ஏற்ற களங்கள் என்பது எமது எண்ணம்.

அம்ஸ்ரர்டாம் நகரத்துக் கணித நிலையம், இரண்டாம் உலகப் போரின் அழிவிலிருந்து நாட்டை மீளக் கட்டியெழுப்பும் முயற்சிக்குக் கணிதம் துணைபுரிய வேண்டும் என்ற நோக்கில் 1946இல் நிறுவப்பட்டது. அங்கு பணியாற்றிய எட்ஸ்கர் டைக்ஸ்ரா, 1956இல் ‘ஆர்மக்’ என்னும் புதிய கணினியின் ஆற்றலைக் கணிதம் அறியாதோருக்கும் விளக்கிக்காட்ட ஓர் எடுத்துக்காட்டைத் தேடினார். இரு நகரங்களுக்கிடையே மிகக் குறுகிய வழி எது என்பதே அவர் தெரிந்த வினா. ஒல்லாந்தின் 64 நகரங்களை அதற்கு எடுத்துக்கொண்டார். ஆறு இரும இலக்கங்களாற் குறிக்கத்தக்க எண்ணிக்கை அதுவே. தமக்கு மனைவியாகவிருந்த பெண்ணுடன் கடைத்தெருவுக்குச் சென்று களைத்து, கோப்பிக்கடை முற்றமொன்றில் அமர்ந்திருந்த வேளையில், தாளும் எழுதுகோலும் இன்றி இருபது நிமிடங்களில் இம்முறையைக் கண்டதாக அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். 1959இல் மூன்று பக்கங்களுக்குள் அடங்கும் கட்டுரையாக அது வெளிவந்தது. விரும்பிய எவரும் எடுத்தாளத்தக்க பொது அறிவாகவே அது உலகை அடைந்தது.

அம்முறையின் இயல்பை இங்குச் சற்று விளக்குதல் தகும். புறப்படும் சந்தியிலிருந்து ஒவ்வொரு சந்திக்கும் உள்ள தூரம் தற்காலிகமாகக் குறிக்கப்படுகிறது. குறிக்கப்பட்டவற்றுள் மிக அண்மையில் உள்ள சந்தி முடிவானதாக ஏற்கப்பட்டு, அதன் ஊடாகச் சென்றால் அயற் சந்திகளுக்கான தூரம் குறைகின்றதா எனப் பார்க்கப்படுகிறது. சேருமிடம் முடிவானதாக ஏற்கப்படும் வரை இச்செயல் தொடர்கிறது. ஈண்டு மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கணினிக்கு வீதி தெரியாது. எண் மட்டுமே தெரியும். அந்த எண் தூரமாகலாம், நேரமாகலாம், சுங்கக் கட்டணமுமாகலாம். எதனைக் ‘குறுகியது’ எனக் கொள்வது என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை. எண்களை இடுபவரே தீர்மானிக்கின்றார். வழிகாட்டும் மென்பொருள் நடுநிலையானது என்ற பரவலான நம்பிக்கை இவ்விடத்திலேயே தளர்ந்து விடுகின்றது.

இம்முறை கைக்கு எட்டும் பொருளாவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. பிரித்தானியாவில் 1988இல் வெளியான ‘ஓட்டோரூட்’ மேசைக் கணினிகளில் வழி வகுத்துக் கொடுத்தது. அதனை ஆக்கிய கம்பனியை 1994இல் மைக்ரோசொவ்ற் வாங்கிக்கொண்டது. இதனிடையே இலண்டனைச் சேர்ந்த சையோன் கம்பனி 1991இல் ‘சீரிஸ் 3’ என்ற கைக்கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரு சிறு மின்கலங்களில் இயங்கிய இக்கருவியின் தொடக்க வடிவங்களின் நினைவகம் 256 கிலோபைற்றுக்கு மேற்படவில்லை. அதே ஆண்டில் அம்ஸ்ரர்டாமிலே தோன்றிய ‘பாம்ரொப்’ என்னும் சிறு நிறுவனம், இத்தகைய கருவிகளுக்கு அகராதி, விளையாட்டு முதலிய மென்பொருள்களை எழுதிப் பிழைத்தது. 1996 அளவில் வழி வகுக்கும் மென்பொருளுக்குத் திரும்பியது. பின்னர் ‘ரொம்ரொம்’ எனப் பெயர் பூண்டு உலகெங்கும் அறியப்பட்ட நிறுவனம் இதுவே.

அக்காலப் பயனாளருக்கும் பிற்காலப் பயனாளருக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. செய்மதித் தொடர்பற்ற கைக்கணினிக்குத் தான் எங்கிருக்கிறது என்பது தெரியாது. இருக்கும் இடத்தை மனிதரே அதற்குச் சொல்ல வேண்டும். வகுக்கப்பட்ட வழியைத் திரையில் வாசித்து, வீதிப் பலகைகளோடு ஒப்புநோக்கி, பிழைத்தால் மீண்டும் கேட்க வேண்டும். அறிவு இன்னும் மனிதரிடமே இருந்தது. கருவி ஆலோசகர் மட்டுமே. அமெரிக்கப் படைத்துறை தனது செய்மதிச் சைகைகளிற் பொதுமக்களுக்கென வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000 மே 2ஆந் திகதி நீக்கியமையே இந்நிலையை மாற்றியது. ஏறத்தாழ நூறு மீற்றர் வரை தவறக்கூடிய இடங்காட்டல், பத்து இருபது மீற்றருக்குள் அமைந்தது. 2002இல் ரொம்ரொம் கைக்கணினிக்கான வழிகாட்டியைச் செய்மதி ஏற்பியுடன் வெளியிட்டது. 2004இல் அதற்கெனவே தனிக்கருவி வந்தது. பொதுக் கணித நிலையத்தின் சிந்தனையும் படைத்துறையின் பொதுப்பணமும் இணைந்த விளைவு, கடையில் விலைகூறப்படும் பண்டமாயிற்று.

எனினும் பண்டத்தின் உயிர்நாடி கருவியன்று; வரைபடத் தரவே. பிரித்தானியாவின் ஓட்னன்ஸ் சேவே 1791இற் படைத்துறைத் தேவையின் பொருட்டுத் தோன்றியது. தலைமுறை தலைமுறையாக நில அளவையாளர் நடந்து அளந்த அந்நாடு, தன் வரைபடங்களின் பதிப்புரிமையை இறுகப் பற்றியிருந்தது. வாகன ஓட்டுநர் சங்கமாகத் தோன்றிப் பின் கம்பனியாகிய ‘ஏஏ’, தன் வரைபடங்களுக்கு அவற்றைப் பயன்படுத்திய வழக்கில் 2001இல் 20 மில்லியன் பவுண் கொடுத்து இணக்கங்கண்டது. வரி செலுத்தி அளப்பித்த மக்கள், அளந்ததைப் பயன்படுத்த மீண்டும் விலை கொடுக்கும் முரண்பாடு இது. தனியார் துறையில் இப்போட்டி மேலும் கடுமையாயிற்று. ரொம்ரொம் 2008இல் ஏறத்தாழ 2.9 பில்லியன் யூரோவுக்கு ரெலி அட்லஸ் என்னும் தரவுக் கம்பனியை வாங்கியது, நொக்கியா 8.1 பில்லியன் டொலருக்கு நவ்ரெக் கம்பனியைக் கைப்பற்றியது. கருவியை விற்றோர் ஈற்றில் வரைபடத்தின் பின்னே ஓடினர். 2009 ஒக்ரோபரிலே கூகிள் தனது வழிகாட்டலைக் கைத்தொலைபேசியில் இலவசமாக வழங்கப்போவதாக அறிவித்ததும் ரொம்ரொம்மின் பங்குவிலை சரிந்தது. இலவசத்தின் விலையை வேறிடத்தில் அறவிடும் வல்லமை கூகிளுக்கு இருந்தது.

உழைப்பின் பக்கம் நின்று பார்த்தால், இலண்டன் வாடகைக் கார்ச் சாரதிகளின் கதை மிகத் தெளிவான சான்றாகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு ‘அறிவு’ என்றே வழங்கப்பட்டு வரும் தேர்வு அவர்களுக்கு உண்டு. சாறிங் குறொஸிலிருந்து ஆறு மைல் வட்டத்துள் ஏறத்தாழ 25,000 வீதிகளை மனனஞ் செய்தல் வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள், கூலியின்றி, பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் அலைந்து பெறப்படும் கல்வி அது. அவர்தம் மூளையில் ஹிப்போகம்பஸின் பின்பகுதி ஏனையோரினும் பெரிதாயிருப்பதை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் 2000இல் வெளியிட்டனர். ஊபர் 2012இல் அந்நகருக்கு வந்தபோது, இத்தேர்வே வேண்டாத ஒருவர் கைத்தொலைபேசியைக் கொண்டு அதே பயணியை ஏற்றிச் செல்ல முடிந்தது. 2014 யூனில் கறுப்புக் கார்ச் சாரதிகள் நகரின் நடுவே வீதிகளை முடக்கிப் போராடினர்.

திட்டமிடுதலைத் தொழிலாளியிடமிருந்து பிரித்தெடுத்துச் செயற்படுத்தலை மட்டும் அவரிடம் விடுவதே முதலாளித்துவத் தொழில் ஒழுங்கின் போக்கு என ஹரி பிறேவர்மன் 1974இல் எழுதினார். அவர் கருத்து இங்குப் பொருந்துகின்றது; ஆனால் முழுமையாக அன்று. ‘அறிவு’ பெற்றோரின் தொழில் பெரிதும் வெள்ளையினத்தவர் கையிலேயே இருந்து வந்தது. மூன்றாண்டு கூலியின்றி அலைய வசதியற்ற, ஆசிய, ஆபிரிக்க நாடுகளிலிருந்து குடியேறிய பலருக்குக் கைக்கருவி பிழைப்புக்கு வாயில் திறந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. வாயில் திறந்தவனே வாடகையையும் வகுத்தான் என்பதுதான் சிக்கல். ஊபர் சாரதிகள் சுயதொழில் செய்வோர் அல்லர், தொழிலாளர் உரிமைகளுக்கு உரித்துடையோர் என்று 2021 பெப்ரவரியில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிப்பதற்கு வழக்காடி ஆண்டுகள் பல சென்றன.

சாரதி மட்டுமன்றி, சாதாரணப் பயனாளரும் தாம் அறியாமலே உழைப்பவராகின்றார். கருவி எவ்வீதியில் எவ்வேகத்திற் சென்றது என்ற பதிவு நிறுவனத்தை அடைகின்றது. 2011 ஏப்பிரலில், ரொம்ரொம் அரசுக்கு விற்ற இத்தகைய தரவைக் கொண்டு ஒல்லாந்துப் பொலிஸார் வேகக் கமராக்களுக்கான இடங்களைத் தெரிந்தமை வெளிப்பட்டது. தலைமை நிர்வாகி மன்னிப்புக் கோரினார். பணங்கொடுத்து வாங்கிய வழிகாட்டியே தன்னைக் காட்டிக்கொடுத்ததை வாங்கியவர் பத்திரிகையில் வாசித்தறிய வேண்டியதாயிற்று.

இவ்வுடைமை ஒழுங்குக்கு எதிரான முயற்சியும் பிரித்தானிய மண்ணிலேயே முளைத்தது. அரசின் வரைபடத் தரவு எட்டாக்கனியாயிருந்த நிலையில், ஸ்ரீவ் கோஸ்ற் 2004இல் ‘ஓப்பின் ஸ்ரீற் மப்’ என்னும் பொது வரைபடத்தைத் தொடக்கினார். 2006 மே மாதத்து வார இறுதியொன்றிலே தொண்டர்கள் செய்மதி ஏற்பிகளுடன் வைற் தீவின் வீதிகளெங்கும் திரிந்து அதனை வரைந்தனர். 2010 ஏப்பிரலில் ஓட்னன்ஸ் சேவே தானும் தரவின் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்துவிட்டது. 2012இற் பொது வரைபடம் ஏற்ற புதிய உரிமம், தரவை மேம்படுத்தி வெளியிடுவோர் அம்மேம்பாட்டையும் அதே நிபந்தனையில் ஏனையோருக்கு வழங்கவேண்டுமென விதித்தது. பத்தாண்டுகள் கழித்து, 2022இல், ரெலி அட்லஸைப் பில்லியன்களுக்கு வாங்கிய அதே ரொம்ரொம், தன் புதிய வரைபடத்துக்குத் தொண்டர்களின் தரவையும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் அமேசன், மெற்றா, மைக்ரோசொவ்ற் ஆகியவற்றோடு கூடி வரைபடத் தரவுக்கென ஒரு மன்றத்தையும் அமைத்தது.