குடியரை மீட்ட குடியர்

வீழ்ந்தவனைத் தூக்கிவிட, மேட்டில் நிற்பவனே தகுதியுடையவன் என்று உலகம் எண்ணுகிறது. ஆனால், வீழ்ந்து எழுந்தவனின் கைக்குத் தனி வலிமை உண்டு. கல்வியும் செல்வாக்கும் இல்லாத கைத்தொழிலாளர் சிலர் இவ்வுண்மையை உலகறியச் செய்தனர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1840-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தொடங்கிய அவ்வரலாறு, இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கைவிடப்பட்டோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க மக்களிடையே குடிப்பழக்கம் வரம்பு கடந்திருந்தது. மேற்குப் பகுதி உழவர்கள் மக்காச்சோளத்தை நெடுந்தொலைவு கொண்டுசென்று விற்பதைவிட, அதனை விஸ்கியாக வடித்து அனுப்புவது ஆதாயமாயிற்று. அதனால் மதுவின் விலை மிகவும் தாழ்ந்தது. பட்டறைகளில் வேலைக்கிடையே தொழிலாளிக்குச் சாராயம் கொடுப்பதும் வழக்கமாயிருந்தது. 1830-ஆம் ஆண்டளவில் அந்நாட்டினர் தலைக்குக் குடித்த மதுவின் அளவு, இன்று அவர்கள் குடிப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று வரலாற்றாசிரியர் கணக்கிட்டுள்ளனர்.

இத்தீமையை எதிர்க்க 1826-இல் பாஸ்டன் நகரில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் தோன்றியது. பாதிரிமாரும் வணிகரும் மருத்துவரும் அதனை வளர்த்தனர். பல்லாயிரம் கிளைகள் எழுந்தன; இலட்சக்கணக்கானோர் உறுதிமொழியில் கையொப்பமிட்டனர். ஆயினும் அச்சங்கத்தாரின் நோக்கில் ஒரு பெருங்குறை இருந்தது. குடியாதவரைக் குடியாமற் காப்பதே தம் கடன் என்று அவர்கள் கொண்டனர். குடிக்கு அடிமையானவனைத் திருத்த முடியாது. அத்தகையோர் காலப்போக்கில் மாய்ந்து போவர். அதன்பின் நாடு தூய்மையுறும் என்பதே பலருடைய எண்ணம். உதவி மிகுதியும் தேவைப்பட்டவர்களே முதலில் கைவிடப்பட்டனர்.

அறுவர் கண்ட வழி

பால்டிமோரில் சேஸ் என்பவருடைய மதுக்கடையில் நாள்தோறும் கூடிக் குடித்து வந்த தோழர் அறுவர் இருந்தனர். தையல், தச்சு, கருமான் வேலை, வண்டி செய்தல், வெள்ளி வேலை ஆகிய தொழில்களைச் செய்து பிழைத்தவர்கள் அவர்கள். அவ்வூரில் மதுவிலக்குச் சொற்பொழிவு ஒன்று நடக்கப் போவதை அறிந்து, கேட்டு வருமாறு தம்முள் சிலரை அனுப்பினர். சென்றவர் திரும்பி வந்ததும் மதுக்கடையிலேயே வாதம் எழுந்தது. வாதம் முற்றி, எவரும் எதிர்பாராதவாறு, அறுவரும் குடியை விடுவது என்ற முடிவில் நின்றது. நாட்டின் முதற்குடியரசுத் தலைவர் பெயரால் ‘வாஷிங்டன் மதுவிலக்குச் சங்கம்’ அமைத்தனர். தையற்காரர் வில்லியம் மிட்செல் தலைவரானார். சேர்க்கைக் கட்டணம் 25 காசு. மாதச் சந்தா 12½ காசு. ஏழைத் தொழிலாளியும் கொடுக்கக்கூடிய தொகைதான்.

இச்சங்கத்தின் முறை புதுமையானது. அங்கே அறவுரை இல்லை; வசைமொழி இல்லை. ஒவ்வொருவராக எழுந்து, தாம் எவ்வாறு குடிக்கு ஆளானார், எவற்றை இழந்தார், எவ்வாறு மீண்டார் என்பவற்றை ஒளிக்காமல் கூறினர். கேட்டுக்கொண்டிருந்த குடியன், தன் கதையையே பிறர் வாயால் கேட்டான். ஒவ்வோர் உறுப்பினரும் அடுத்த கூட்டத்துக்குப் புதிதாக ஒருவரை அழைத்துவர வேண்டும் என்பதும் ஏற்பாடு. கையொப்பம் இட்டதோடு அவனை விட்டுவிடவில்லை. உடை, உணவு, வேலை ஆகியவற்றைத் தேடிக் கொடுத்தனர். 1841 முதல் பெண்கள் மார்த்தா வாஷிங்டன் சங்கங்கள் அமைத்து, குடியரின் குடும்பங்களுக்கு உதவினர். குடிக்கு ஆளான பெண்களையும் அரவணைத்தனர்.

இவ்வியக்கத்தைப் பரப்பியோருள் தலைசிறந்தவர், தொப்பி செய்யும் தொழிலாளியான ஜான் ஹாக்கின்ஸ். விஸ்கி வாங்கிவர இன்று தன்னை அனுப்ப வேண்டாம் என்று தம் சிறுமகள் ஹன்னா கெஞ்சியதே தம்மை மாற்றியது என்று அவர் மேடைதோறும் கூறினார். 1841-இல் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் அவர் பேச்சைக் கேட்டோர் கண்ணீர் உகுத்தனர். 1842 பிப்ரவரி 22-ஆம் நாள், ஸ்பிரிங்பீல்டு நகரில் இச்சங்கத்தாரிடையே பேசிய இளம் வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கன், இவ்வெற்றியின் காரணத்தை எடுத்துரைத்தார். குடியரைப் பழிப்பது அவர்களை அகற்றும். அன்பே அவர்களை ஈர்க்கும் என்றார். குடிக்கு ஆளாகாதவர்கள் தப்பியது, பெரும்பாலும் அவ்வேட்கை இல்லாமையாலேயே அன்றி, உயர்ந்த அறிவாலோ ஒழுக்கத்தாலோ அன்று என்றும் அவர் துணிந்து கூறினார்.

சரிவும் படிப்பினையும்

எனினும், ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இவ்வியக்கம் பெரும்பாலும் சிதைந்தது. கிளைகளை இணைக்கும் உறுதியான அமைப்பு இல்லை. சட்டத்தால் மதுவை ஒழிப்பதா, அன்பால் மாற்றுவதா என்ற பூசல் எழுந்தது. சமயப் பிணக்கும் அரசியலும் புகுந்தன. தம் கதையைக் கூறுவதே சிலருக்குத் தொழிலாகவும் புகழாகவும் ஆயிற்று; அத்தகையோர் மீண்டும் குடித்தபோது இயக்கத்தின் பெயரும் கெட்டது.

மற்றொரு குறையையும் மறைத்தல் ஆகாது. வெள்ளையரின் மதுவிலக்குச் சங்கங்கள் பலவற்றில் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. அவர்கள் தமக்குத்தாமே சங்கங்கள் கண்டனர். 1842 ஆகஸ்டு முதல் நாள் பிலடெல்பியாவில் அவர்கள் நடத்திய மதுவிலக்கு ஊர்வலத்தை வெள்ளையர் கூட்டம் தாக்கியது. கோயிலும் மண்டபமும் எரிந்தன. அடிமைத்தளையிலிருந்து தப்பிய பெரும்பேச்சாளர் பிரெடெரிக் டக்ளஸ், 1846-இல் லண்டன் மதுவிலக்கு மாநாட்டில் இக்கொடுமையை எடுத்துரைத்தார்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், பழைய உண்மை புதிதாய்த் துளிர்த்தது. 1935 மே திங்களில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்கு வணிக வேலையாய் வந்து தோல்வியுற்ற பில் வில்சன், மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சினார். தம்மைக் காத்துக்கொள்ள, துன்புறும் மற்றொரு குடியரைத் தேடினார். அவ்வாறு கிடைத்தவர் டாக்டர் ராபர்ட் ஸ்மித். அவ்விருவர் உரையாடலிலிருந்து பிறந்ததே ‘ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் பெயர் வெளியிடாக் குடிநோயாளர் கூட்டம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி. புறத்தார் நன்கொடை பெறுவதில்லை. அரசியல் சமயப் பூசல்களில் தலையிடுவதில்லை. உறுப்பினர் தம் பெயரை விளம்பரப்படுத்துவதில்லை. இவ்விதிகள் 1950-இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்டன. 1953-இல் அவர்கள் வெளியிட்ட நூலிலும் வாஷிங்டன் சங்கத்தாரின் வீழ்ச்சி எச்சரிக்கையாகக் காட்டப்பட்டுள்ளது.

இன்றைய மருத்துவ ஆய்வும் இதற்குச் சான்று பகர்கிறது. 10,565 பேரைப் பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்து, 2020-இல் காக்ரேன் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. பிற மருத்துவ முறைகளோடு ஒப்பிடுகையில், இக்கூட்டங்களில் முறையாகச் சேர்க்கப்பட்டோருள் தொடர்ந்து குடியாதிருந்தோர் மிகுதி என்று அது கண்டது.

குடிநோய்க்கு மருத்துவரும் வேண்டும், சட்டமும் வேண்டும். ஆனால் மருத்துவமனை எட்டாத தெருவிலும், மதிப்பிழந்த மனிதனின் வீட்டிலும் முதலில் சென்று கதவைத் தட்டக்கூடியவன், அத்துன்பத்தைத் தானே பட்டு மீண்டவன். அவனுக்கு மேடை தேவையில்லை; பக்கத்தில் ஓர் இருக்கை போதும். மதுக்கடை மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த அறுவர் உலகுக்கு விட்டுச்சென்ற செல்வம் இதுவே.