டர்ன்டேபிளை மாற்றப் போகிறீர்களா? முதலில் ஊசியைப் பாருங்கள்

அப்பா வாங்கி வைத்த எச்.எம்.வி., எக்கோ, இன்ரெக்கோ எல்.பி. தட்டுகள் அலமாரியில் அடுக்கி இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்பு ஆசைக்கு ஒரு டர்ன்டேபிள் வாங்கினீர்கள். இப்போது, "இன்னும் நல்லதா ஒன்னு வாங்கலாமே" என்று மனம் அரிக்கிறது.

சிங்கப்பூரில் அடெல்ஃபி கட்டடத்தின் ஆடியோ கடைகளில் ஏறி இறங்கினாலோ, பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மாலில் வார இறுதியில் சுற்றினாலோ அந்த ஆசை இன்னும் கூடும்.

பணத்தை எதில் போடுவது? பெரும்பாலான வீடுகளில் முதல் செலவு ஊசிக்கும் அதைச் சரியாகப் பொருத்துவதற்கும்தான். கருவியின் முறை அதற்குப் பிறகே வரும்.

காரணம் சிக்கனம் மட்டுமல்ல. டர்ன்டேபிளை அடுத்த ஆண்டும் வாங்கலாம். 1980களில் அச்சான ஒரு தமிழ்த் தட்டு கெட்டுப்போனால், அதே தட்டு நல்ல நிலையில் இன்னொன்று கிடைப்பது அரிது. தேய்ந்த ஊசி அந்தத் தட்டின் பள்ளங்களை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது. சுரண்டியது சுரண்டியதுதான். பிறகு எவ்வளவு விலை உயர்ந்த கருவியில் வைத்தாலும் அந்தக் கரகரப்பு போகாது.

<b>ஊசி எவ்வளவு காலம் உழைக்கும்?</b>

முனையில் இருப்பது வைரம். அதுவும் தேயும். முனையின் வடிவத்தைப் பொறுத்து, தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு சுமார் 300 மணி நேரத்திலிருந்து 1,000 மணி நேரம் வரை இருக்கிறது. நாளுக்கு ஒரு எல்.பி. முழுதாகக் கேட்கிறீர்கள், அதாவது ஏறத்தாழ 40 நிமிடம் என்றால், 500 மணி நேரம் இரண்டே ஆண்டில் முடிந்துவிடும்.

"பாட்டு நல்லாத்தானே கேக்குது" என்று தோன்றலாம். தேய்மானம் மெதுவாக வருவதால் காது பழகிவிடுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைக் கவனியுங்கள். 'ஸ', 'ச' ஒலிகள் துப்புவது போல் கேட்கின்றனவா?

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் வினாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர். நடுவை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலி குறைந்த இடத்தில் நெருக்கியடித்துப் பதிந்திருப்பதால், தேய்ந்த ஊசியின் குறை முதலில் அங்கேதான் வெளிப்படும். ஊசி நன்றாக இருந்து பொருத்தியது கோணலாக இருந்தாலும் இதே அறிகுறிதான்.

பழைய கருவி வாங்கினால், கூட வரும் ஊசி தேய்ந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நல்ல தட்டுகளை அதில் வைக்க வேண்டாம்.

<b>எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லதா?</b>

இல்லை. இது பலரிடம் உள்ள தவறான எண்ணம். ஊசி தட்டை எவ்வளவு எடையில் அழுத்த வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். பரவலாகக் கிடைக்கும் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு அது 1.8 கிராம். அதைவிடக் குறைத்தால் ஊசி பள்ளத்தில் நிலைக்காமல் சுவரில் மோதி மோதிச் செல்லும். அதிக எடையைவிட அது மோசமான சேதத்தைச் செய்யக்கூடும். ஊசி குதிக்கிறது என்று தலையில் 20 காசு வைத்த காலத்துப் பழக்கமும் வேண்டாம்.

ஊசி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு அதிக விலை இல்லை. கார்ட்ரிட்ஜ் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று காட்டும் அட்டையும் உண்டு. கை நடுங்கினால் கடைக்காரரிடமே கொடுத்துப் பொருத்தச் சொல்லுங்கள். அந்தக் கூலி வீண் செலவு இல்லை.

2எம் ரெட்டில் இன்னொரு வசதியும் உண்டு. அதே உடலில் 2எம் புளூ ஊசியை மாட்டலாம். ஒரு திருகைக்கூடத் தொடாமல் ஒரு படி ஏறிவிடலாம்.

மூவிங் காயில் வகை கார்ட்ரிட்ஜ் வாங்க நினைத்தால் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் ஊசியை மட்டும் மாற்ற முடியாது. தேய்ந்ததும் முழு கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டும். அடுத்து, அதன் சமிக்ஞை மிக மெல்லியது. சாதாரண மூவிங் மேக்னட் வகை சில மில்லிவோல்ட் தரும். இது அதில் பத்தில் ஒரு பங்கு. உங்கள் ஃபோனோ பிரீஆம்ப் அதைத் தாங்காவிட்டால் அதையும் மாற்ற வேண்டி வரும்.

<b>அப்படியென்றால் விலை உயர்ந்த கருவி எதற்கு?</b>

தட்டை ஒரே வேகத்தில் சுற்றுவது, தன் சத்தத்தை ஊசிக்குக் கடத்தாமல் இருப்பது, ஊசியைத் தாங்கும் கை தடையின்றி அசைவது. நல்ல கருவிக்குக் கொடுக்கும் காசு இந்த மூன்றுக்கும்தான்.

வேகத்தைச் சோதிக்க எண்கள் தேவையில்லை. நாகஸ்வரம் நீண்டு நிற்கும் இடத்தையோ, தம்பூரா ஒலியையோ, பியானோவையோ கேளுங்கள். சுரம் லேசாக அலைந்தால் காது உடனே சொல்லிவிடும். டிரம்ஸும் கோரஸும் நிறைந்த பாட்டில் இது தெரியாது.

1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 வரிசை இதில் பெயர் பெற்றது. 2010இல் உற்பத்தி நின்று, 2016இல் மீண்டும் வந்தது. மோட்டாரே தட்டை நேரடியாகச் சுற்றும் வகை அது. 2019இல் வந்த எஸ்.எல்.-1500சி மாடலில் ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. கூடவே 2எம் ரெட்டும் வருகிறது. பிரிட்டனின் ரெகா, ஆஸ்திரியாவின் புரோஜெக்ட் நிறுவனங்களின் பல கருவிகளில் பெல்ட்தான். ஸ்காட்லந்தின் லின் எல்.பி.12ஐப் பாகம் பாகமாக மேம்படுத்தலாம். கை திறக்கும் அளவுக்குச் செலவும் போகும்.

பெல்ட்டா, நேரடியா என்ற சண்டையில் நீங்கள் இறங்க வேண்டியதில்லை. இரண்டிலும் நல்லது உண்டு.

<b>ஜப்பானிலிருந்து பழையது வாங்கலாமா?</b>

வாங்கலாம், ஆனால் பின்புறத்தைப் படியுங்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் இறக்கிவிடும். ஹெர்ட்ஸை அது மாற்றாது. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60. பழைய பெல்ட் கருவிகள் சிலவற்றின் வேகம் இந்த ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60க்குச் செய்ததை இங்கே ஓட்டினால் நிமிடத்துக்கு 28 சுற்றுக்கும் குறைவாகவே சுற்றும். எஸ்.பி.பி.யின் குரல் மூன்று அரைச்சுரம் இறங்கிக் கேட்கும்! சிலவற்றுக்கு 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி தனியாக உண்டு. அது கைவசம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

<b>வீட்டில் எங்கே வைப்பது?</b>

ஸ்பீக்கர் நிற்கும் அதே அலமாரியில் வேண்டாம். பாஸ் அதிர்வு ஊசிக்குத் திரும்பி வந்து ஒலியைக் கலக்கிவிடும். கருவி சமமட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தட்டுகளில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையோடு ஓட்டினால் ஊசியும் வீண், தட்டும் வீண். முதலில் சுத்தம் செய்யுங்கள். தட்டுகளைச் செங்குத்தாக அடுக்குங்கள்.

தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் அவற்றை எல்.பி. ஊசியில் வைக்காதீர்கள். அவற்றின் பள்ளம் எல்.பி.யைவிட அகலம். தனி ஊசி வேண்டும். ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவும் கூடாது, அந்த அரக்குத் தட்டு கரையும்.

கடைக்குப் போகும்போது, தேய்ந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கும் உங்கள் சொந்தத் தட்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் ஜாஸ் தட்டு எந்தக் கருவியிலும் நன்றாகத்தான் கேட்கும். கார்ட்ரிட்ஜை யார் பொருத்தித் தருவார், மாற்று ஊசி என்ன விலை, அது கையிருப்பில் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.