தமிழ் போதும் என்றவர்கள்: யாழ்ப்பாணப் போதகர்களின் நூற்பஞ்சம் பற்றி

மிசனரிமார் பற்றி எம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று, அவர்கள் தமிழுக்கும் கல்விக்கும் செய்த தொண்டை வரிசைப்படுத்தும். மற்றது, ஏகாதிபத்தியத்தின் கையாட்கள் என்று சொல்லிக் கதையை முடித்துவிடும். இரண்டு கட்சியாரும் பேசுவது வெள்ளைக்காரரைப் பற்றித்தான். அவர்களிடம் படித்து, ஞாயிறுதோறும் ஊர்த் தேவாலயங்களில் பிரசங்கம் செய்த தமிழ்ப் போதகர்களைப் பற்றிப் பேசுவார் குறைவு. அவர்கள் எதைப் படித்தார்கள்? எதை வைத்துக்கொண்டு பிரசங்கம் தயாரித்தார்கள்? நான் கிறிஸ்தவனல்லன். ஊரில் வரலாறு கற்பித்தவன். இங்கே ஜேர்மனியில் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். இந்தக் கேள்வி எனக்கு ஏன் முக்கியமாயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒல்லாந்தர் காலம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியவர்கள் போர்த்துக்கேயரின் தேவாலயங்களையும் சேர்த்தே கைப்பற்றினார்கள். ஆனால் பல்தேயு போன்ற ஒல்லாந்தப் போதகர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தனர். ஆகவே ஊர்களில் சபையை நடத்தியவர் பள்ளிக்கூட வாத்தியார். வினாவிடையைச் சொல்லிக்கொடுப்பதும், எழுதித் தரப்பட்ட பிரசங்கத்தை வாசிப்பதும் அவரது கடமை. சொந்தமாகச் சிந்திக்க அவருக்கு நூலும் இல்லை, அனுமதியும் இல்லை. ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் போனதும் அந்தச் சபைகள் எவ்வளவு விரைவாகக் கரைந்தன என்பது யாவரும் அறிந்தது.

அடுத்து அமெரிக்க மிசன். 1816இல் தெல்லிப்பழையில் வேலையைத் தொடங்கியவர்களுக்கு அச்சியந்திரம் தேவைப்பட்டது. 1820இல் கரெற் என்ற அச்சாளர் வந்திறங்கினார். அப்போது இலங்கையை நிர்வகித்த பார்ன்ஸ் அவரைத் தங்க அனுமதிக்கவில்லை. அவர் பம்பாய்க்குப் போக நேர்ந்தது. மானிப்பாயில் அமெரிக்க மிசனின் அச்சகம் இயங்கத் தொடங்கியது 1834இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் வேதப் பகுதிகளையும் துண்டுப்பிரசுரங்களையும் ஓலையில் எழுதிப் பிரதி செய்தார்கள். பனையோலையும் எழுத்தாணியும் எம்மவர்க்குப் புதியவையல்ல. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நூற்பஞ்சம் மழை பொய்த்ததால் வந்ததல்ல. ஒரு மேசையில் வைத்த கையெழுத்தால் வந்தது.

1823இல் டானியேல் பூர் தலைமையில் வட்டுக்கோட்டை செமினறி தொடங்கியது. அங்கே ஆங்கிலம், தமிழ் இலக்கண இலக்கியம், கணிதம், வானசாஸ்திரம், வேதசாஸ்திரம் எல்லாம் கற்பித்தார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ஆகியோர் அங்கு படித்தவர்களே. ஆங்கிலம் தெரிந்த மாணவன் நூலகத்திற்குள் தானே நுழையலாம். தனது ஆசிரியர் எந்த நூலிலிருந்து பேசுகிறார் என்று பார்க்கலாம். அவரோடு மாறுபடவும் செய்யலாம்.

1855இல் பொஸ்ரனிலிருந்து மிசன் சபையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் வந்தார். அவ்வாண்டே செமினறி மூடப்பட்டது. அவரது வாதம் முட்டாள்தனமானதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் படித்தவர்கள் பலர் அரச உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள். ஊர்ச் சபையால் அவர்களுக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது. தமிழருக்குத் தமிழில்தான் போதிக்க வேண்டும். சபை தன் காலில் நிற்க வேண்டும். இவற்றில் எதை மறுப்பது? இன்று எம்மில் பலர் மேடையில் சொல்வதையே அவர் அன்று சொன்னார்.

ஆனால் வேதாகம வியாக்கியானங்களும் சபைச் சரித்திரங்களும் அகராதிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. தமிழ் மட்டும் தெரிந்த போதகரின் மேசையில் என்ன இருந்திருக்கும்? தமிழ் வேதாகமம், பாட்டுப் புத்தகம், மோட்சப் பிரயாணம், உதயதாரகைப் பிரதிகள் சில, துண்டுப்பிரசுரங்கள் சில. இவற்றை வைத்துக்கொண்டு அவர் ஆண்டுக்கு 52 ஞாயிறுகள் பேச வேண்டும். ஒரு வசனத்தில் ஐயம் வந்தால் மிசனரியைத்தான் கேட்க வேண்டும். தன் காலில் நிற்கச் சொன்ன கொள்கை, அறிவு விடயத்தில் அவரை இன்னொருவர் வாசலில் நிறுத்தியது. 'தமிழ் போதும்' என்று சொன்னவருக்குப் பொஸ்ரனில் நூலகம் இருந்தது.

அப்படியானால் தாய்மொழிக் கல்வியே தவறா? இல்லை. அதே மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. மாணவர்களோடு இருந்து நூல்களைப் பெயர்த்தார், கலைச்சொற்களை ஆக்கினார். அங்காதிபாதம், இரணவைத்தியம், இரசாயனம் என 4,000 பக்கங்களுக்கு மேல் தமிழில் வந்தன. ஒரு மொழி போதும் என்று சொல்பவருக்கு அந்த மொழியில் நூல் ஆக்கித் தரும் கடமை உண்டு. கிறீன் அதைச் செய்தார். போதகர்களுக்கு அந்த அளவில் எவரும் செய்யவில்லை.

நாவலரையும் இங்கே நினைக்க வேண்டும். பேர்சிவலுடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர், 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1849இல் சென்னையில் அச்சியந்திரம் வாங்கினார். பிரசங்கத்தின் பின்னால் அச்சகம் இருக்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. அவரது சாதியப் பார்வை வேறு விவாதம்; அதை நான் மூடி மறைக்கவில்லை.

யாழ்ப்பாணக் கிறிஸ்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆங்கில வழி உயர்கல்வி வேண்டுமென்று முன்னின்றார்கள். 1872இல் வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. இடையில் போனவை 17 ஆண்டுகள்.

இனி என் காரணம். 2009இன் பின் இங்கு வந்தேன். பி1 வரை மொழி வகுப்புக்கு அனுப்பினார்கள். மேலே படிக்கக் கேட்டபோது அந்த அலுவலர், 'உங்கள் வேலைக்கு இது போதும்' என்றார். கெட்ட மனிதரல்லர், கணக்குப் பார்த்துத்தான் சொன்னார். சில ஆண்டுகளின் பின் ஹாலே நகருக்குப் போனேன். தரங்கம்பாடி மிசனரிமாரின் கடிதங்களும் தமிழ் ஓலைகளும் அங்கேதான் இருக்கின்றன. ஓலையை மெல்ல மெல்ல வாசித்துவிட்டேன். அந்த ஓலையைப் பற்றி மிசனரி எழுதிய ஜேர்மன் கடிதத்தில் இரண்டு வரிக்கு மேல் நகர முடியவில்லை. 25 ஆண்டுகள் வரலாறு படித்தவன், பக்கத்தில் இருந்த மாணவியிடம் கேட்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்தப் போதகர்களை நினைத்தேன்.

எமது பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டுமா, வாழும் நாட்டின் மொழி போதுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 'போதும்' என்ற சொல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும், சொல்பவருடைய மேசையில் எத்தனை மொழி நூல்கள் இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். மாறுபடுவோர் எழுதட்டும்.