உபகாரச் சம்பளம் முதல் சேமலாப நிதி வரை

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பெரியவர்களின் வாயில் நெடுங்காலம் வழங்கிவந்த பழமொழி. அரசாங்க உத்தியோகத்தின்மீது நம்மவர் கொண்ட மோகத்தைப் பழிப்பதற்காக இதனை எடுத்தாள்வோர் பலர். ஆனால், அம்மோகத்தின் அடியில் இருந்தது சம்பளத்தின்மீதுள்ள ஆசை மட்டுமன்று. உடல் தளர்ந்து, கண் மங்கி, பேனை பிடித்த கை நடுங்கத் தொடங்கிய பின்னரும் மாதந் தவறாது வந்துசேரும் பணத்தின்மீதிருந்த நம்பிக்கையும் அதில் அடங்கியிருந்தது. அப்பணத்தை அக்காலத்தவர் உபகாரச் சம்பளம் என்றனர். நாம் ஓய்வூதியம் என்கிறோம். உபகாரமென்பது ஒருவர் மனமிரங்கிச் செய்வது. ஊதியமென்பது உழைத்தவன் பெறவேண்டியது. இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை நம் நாடு எவ்வாறு கடந்தது என்பதை வாலிபர்கள் அறிந்திருத்தல் நன்று. பெரியோர்கள் நினைவுகூர்தலும் நன்று.

மேலைநாடுகளில் தோன்றிய வழி

முதுமையிற் காப்பு அளிப்பது அரசின் கடமை என்ற எண்ணம் சட்டவடிவம் பெற்றது அண்மைக் காலத்திலேயே. ஜேர்மனியில் பிஸ்மார்க் முதன்மந்திரியாக இருந்த காலத்தில், 1889ஆம் ஆண்டு, முதுமைக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளியும் முதலாளியும் பணஞ் செலுத்த, அரசும் ஒரு பங்கு சேர்த்தது. 70 வயது நிரம்பியவர்க்கே அப்பணம் கிடைத்தது. 1916இலேயே வயதெல்லை 65 ஆகக் குறைக்கப்பட்டது. பிரித்தானியாவில் 1908இல் வந்த சட்டத்தின்படி, 1909 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம், 70 வயதைக் கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 சிலிங் வரை வழங்கப்பட்டது. அதற்காக அவர்கள் முன்னர் எதுவும் செலுத்தியிருக்க வேண்டியதில்லை.

இவ்விரு நாடுகளும் இரு வேறு வழிகளைக் காட்டின. ஒன்று, உழைக்கும் காலத்திற் சேமித்து முதுமையிற் பெறுவது. மற்றது, பொதுப்பணத்திலிருந்து அரசு கொடுப்பது. இவ்விரண்டும் பின்னாளில் இலங்கையில் அருகருகே வளர்ந்தன.

அரசாங்கச் சேவையாளர்

இலங்கையில் முதலிற் காப்புப் பெற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தரும் அவர்தம் குடும்பத்தாருமே. 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதியை ஏற்படுத்தியது. ஆண் உத்தியோகத்தரின் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு கழிக்கப்பட்டு, அவர் இறந்தபின் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உதவியது. உத்தியோகத்திலிருந்த பெண்ணின் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் அதேபோன்ற உரிமை 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தாலேயே கிட்டியது. இடையிற் கழிந்தவை 85 ஆண்டுகள்.

1901இல் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு நடைமுறைக்கு வந்தது. இன்றும் அரசாங்க ஓய்வூதியத்துக்கு அதுவே அடிப்படை. அதன் தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை உண்டு: ஓய்வூதியத்தின்மீது எந்த உத்தியோகத்தருக்கும் முழுமையான உரிமை இல்லை என்பதே அது. உபகாரச் சம்பளம் என்ற பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும் அப்பணம் நம் ஊர்களின் உருவத்தையே மாற்றியது. பிரித்தானியர் ஆண்ட மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் பிற அரசாங்கப் பகுதிகளிலும் லிகிதர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் கடமையாற்றித் திரும்பிய யாழ்ப்பாணத்தவரை ஊரார் "மலாயன் பென்சனியர்" என்றே அழைத்தனர். கல்வீடுகளும், பிள்ளைகளின் கல்வியும், கோவில் திருப்பணிகளும் அவர்களின் ஓய்வூதியத்தினால் வளம்பெற்றன. கடல் கடந்து ஈட்டிய உழைப்பின் பலன் முதுமையிலும் தொடர்ந்து வந்தமையால், அவர்கள் பிள்ளைகளின் கையை எதிர்பாராது வாழ்ந்தார்கள். பிள்ளைகளும் அவர்களை மதித்தார்கள்.

ஆனால், அவ்வீட்டுக்கு அயலில் வாழ்ந்த கடைச் சிப்பந்திக்கும், சுருட்டுத் தொழிலாளிக்கும், மலைநாட்டில் கொழுந்து பறித்த பெண்ணுக்கும் கைக்கெட்டியது என்ன? கை ஓய்ந்த அன்றே வரும்படியும் ஓய்ந்தது.

1947உம் 1958உம்

இந்த நிலையை மாற்றிய சட்டத்தின் பின்னணியில் ஒரு வேலைநிறுத்தம் இருக்கின்றது. 1947ஆம் ஆண்டில் அரசாங்க லிகிதர் சேவைச் சங்கத்தினர் தொழிற்சங்க உரிமைகளுக்காகப் போராட்டத்தில் இறங்கினர். ஜூன் 5ஆந் திகதி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் வி. கந்தசாமி என்ற தமிழ் லிகிதர் உயிர் துறந்தார். அச்சங்கத்தின் தலைவராக இருந்தவர் ரி. பி. இலங்கரத்தின. அவர் அப்போராட்டத்தின் காரணமாக உத்தியோகத்தை இழந்தார். உபகாரச் சம்பளத்துக்குரிய உத்தியோகம் ஒன்று அவரது கையை விட்டுப் போயிற்று.

1956இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் அவரே தொழில் அமைச்சரானார். அவரது காலத்தில் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமாக ஊழியர் சேமலாப நிதி பிறந்தது. ஓய்வூதியத்துடன் கூடிய வேலையைப் பறிகொடுத்தவரே ஓய்வூதியமில்லாத இலட்சக்கணக்கானோருக்கு முதுமைச் சேமிப்பு ஒன்றை ஏற்படுத்திக் கொடுத்தார். வரலாறு சிலவேளைகளில் இவ்வாறும் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது.

சேமலாப நிதியின் அமைப்பு எளியது. தொடக்கத்தில் ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 4உம், முதலாளி நூற்றுக்கு 6உம் செலுத்தினர். அது படிப்படியாக உயர்ந்து இன்று 8உம் 12உம் ஆகியுள்ளது. நிதியின் நிர்வாகம் தொழில் திணைக்களத்திடமும், பணத்தைக் காத்துப் பெருக்கும் பொறுப்பு மத்திய வங்கியிடமும் உள்ளன. பணத்தை மீளப் பெறுவதற்கு ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 எனச் சட்டம் வயது வகுத்தது. இங்கே உபகாரம் என்ற பேச்சுக்கு இடமேயில்லை. ஊழியரின் பெயரிலே கணக்கு. ஊழியரின் பெயரிலே பணம்.

பின்வந்த சட்டங்கள்

1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை உண்டாக்கியது. இதற்கு முதலாளி மட்டுமே நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும்; ஊழியரின் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கலாகாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பணிக்கொடையைக் கட்டாயமாக்கியது. 15 பேருக்குக் குறையாதோர் வேலைசெய்யும் தாபனத்தில் ஐந்தாண்டு சேவையை நிறைவுசெய்தவர், மாதச் சம்பளம் பெறுபவராயின், ஒவ்வோராண்டுக்கும் அரைமாதச் சம்பள வீதம் பெறுவர். நாட்சம்பளக்காரர் ஆண்டுக்கு 14 நாட் சம்பளம் பெறுவர். தோட்டத் தொழிலாளர் பலர்க்கு இப்பின்னைய விதியே ஆதாரம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 50,000 ரூபா சம்பளம் பெறும் வாலிபன் ஒருவனின் பெயரில் மாதந்தோறும் அவனது பங்கு 4,000, முதலாளியின் பங்கு 6,000, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 1,500 ஆக 11,500 ரூபா சேரவேண்டும். இருபதாண்டுகள் சேவைசெய்து 60,000 ரூபா சம்பளத்துடன் விலகுபவருக்குப் பணிக்கொடை 6,00,000 ரூபா. இவை தருமம் அல்ல, கடன்.

இளைப்பாறும் வயதைப் பற்றித் தனியார் துறையில் நெடுங்காலம் பொதுச்சட்டம் எதுவும் இருக்கவில்லை. நியமனக் கடிதத்தில் எழுதியதே விதி. திடகாத்திரமாக இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் பலர். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இதனைத் திருத்தியது. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் தாபனங்களில், சட்டம் வந்தபோது 52 வயதை எட்டாதோர்க்கு 60 வயதே ஆகக்குறைந்த இளைப்பாறும் வயதாயிற்று. 52 வயதுக்கு மேல் 55க்குக் கீழ்ப்பட்டோர்க்கு, அவரவர் வயதுக்கேற்ப 59, 58, 57 எனப் படிமுறை வகுக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி.

வயலிலும் கடலிலும் உழைப்போரையும் நாடு முற்றாக மறந்துவிடவில்லை. 1987இல் விவசாயிகளுக்கும், 1990இல் மீனவர்களுக்கும் ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. ஆயினும் விவசாயிகளின் திட்டம் நிதிப் பற்றாக்குறையினால் சில காலம் தடைப்பட்டதையும் சொல்லத்தான் வேண்டும். வாக்குறுதி எழுதுவது எளிது. அதற்கு வேண்டிய பணத்தை ஒதுக்கிக் காப்பதே கடினம்.

எஞ்சியிருக்கும் குறைகள்

சட்டங்கள் இத்தனை இருந்தும் முதியோர் வாழ்வு செம்மையாகிவிட்டதா? இல்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உள.

முதலாவது, சேமலாப நிதி ஒரே தடவையில் மொத்தமாகக் கிடைப்பது. மகளின் கலியாணத்திலும் வீட்டுக் கூரையிலும் அது கரைந்துவிட்டால், பின்வரும் இருபதாண்டுகளுக்கு மாதவரும்படி இல்லை. கையிலிருக்கும் பணத்தின் பெறுமதியும் நிலைப்பதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 70 ஏறியதை நாம் பார்த்தோம். 2023இல் நாட்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, சேமலாப நிதியிடமிருந்த திறைசேரி முறிகளும் மாற்றத்துக்கு உள்ளாயின. தொழிலாளியின் சேமிப்பு நாட்டின் பொருளாதாரத்தோடு பின்னிக்கிடக்கின்றது என்பதை அவ்வாண்டு அனைவருக்கும் உணர்த்தியது.

இரண்டாவது, சட்டம் ஏட்டில் இருந்தும் பணம் கணக்கிற் சேராமை. எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் கொழும்பில் ஒரு கடையில் முப்பத்தோராண்டுகள் வேலைபார்த்தார். காலையிற் கதவு திறப்பவரும் அவரே. இரவிற் பூட்டுபவரும் அவரே. ஊருக்குத் திரும்பிய பின்னரே, தம் பெயரில் ஒன்பதாண்டுகளுக்கு மட்டும் பணங் கட்டப்பட்டிருந்ததை அறிந்தார். "முதலாளி ஐயா நல்ல மனுசன், தீபாவளிக்கு வேட்டி தருவார், அதாலை நான் ஒன்றும் கேக்கேல்லை" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வேட்டி உபகாரம், சேமலாப நிதி உரிமை. முன்னதைப் பெற்ற நன்றியினாற் பின்னதைக் கேளாது விட்டார் அவர். நம்மவர் பலரின் கதை இதுவே.

வாலிபர்களே! வேலையில் அமரும் முதல் மாதத்திலேயே உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டுப் பெறுங்கள். ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டப்பட வேண்டும். பிந்தினால் முதலாளி நூற்றுக்கு 5 முதல் 50 வரை மேலதிகமாகச் செலுத்த நேரிடும். ஆண்டுதோறும் கணக்கைச் சரிபாருங்கள். குறையிருந்தால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறையிடுங்கள். சம்பளச் சீட்டுகளையும் நியமனக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். கடை, பண்ணை, பட்டறை என நீங்களே முதலாளிகளாகும் நாள் வந்தால், உங்களிடம் வேலைசெய்பவரின் பணத்தை ஒரு மாதமேனும் பிந்தாது செலுத்துங்கள்.

பெரியோர்களே! உங்கள் அனுபவத்தை இளையோருக்குச் சொல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரியாத அயலவருக்கு ஒருநாட் பொழுதை ஒதுக்குங்கள். நமது சங்கத்தின் அங்கத்தவருள் லிகிதர்களாகவும் கணக்காளர்களாகவும் இருந்து இளைப்பாறியோர் பலர். மாதத்தில் ஒரு மாலைப்பொழுது சங்க மண்டபத்தில் அமர்ந்து இவ்வுதவியைச் செய்ய அவர்கள் முன்வருவார்களாயின், மேற்சொன்ன கடைச் சிப்பந்தியைப் போன்றவர்கள் காலங் கடக்குமுன்னரே தம் உழைப்பின் பலனைக் கேட்டுப் பெறுவர். அந்த மாலைப்பொழுதை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.